பதினோராவது வளைவில் சுவர் இல்லை

1

இந்தச் சித்திரையோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. கேக் வெட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் மலேசியாவில் பிறந்த தமிழர், இங்கே தபால் நிலையத்தில் வேலை. எதற்கெடுத்தாலும் கேக் வெட்டுகிற மனுஷன். பத்து வருஷம் ஈரக் கோட்டைச் சுமந்து திரிந்ததற்குக் கேக் வேறேயா என்று கேட்டேன். அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை, சாயங்காலமே வாங்கி வந்துவிட்டார்.

நான் நர்ஸ். வடக்கே ஒரு பழைய மில் ஊரில் இருக்கிறோம். பேச்சியம்மாள் என்ற என் பெயர் வார்டில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. பேச்சி என்று சுருக்கிக் கொடுத்தேன். அதையும் சுருக்கி 'பேட்ச்' என்று சட்டையில் குத்தும் அட்டையில் அடித்துவிட்டார்கள். ஒட்டுத்துணி என்று அர்த்தமாம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஊர் நடுவில் ஓடும் கால்வாயின் மேல் பனி படுத்துக் கிடக்கும். கரையோரமாக அதற்குள் நடக்கும்போது சில நாள் ஏலக்காய் வாசம் வருகிறது. எங்கள் மலையில் பச்சைக் காயை ஸ்டோரில் சூடு போட்டு வாட்டும்போது கிளம்புமே, புகையும் இனிப்பும் கலந்த அந்த வாசம். எங்கிருந்து வருகிறது என்று நின்று மோந்து பார்ப்பேன். எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

கேக் வெட்டின அன்று டிவியில் கப்பல்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. எங்கோ பூமியின் அடியில் இருக்கிற தீவுக்குச் சண்டைக்குப் போகின்றன. துறைமுகத்தில் கொடி அசைக்கிறார்கள், பேண்டு வாசிக்கிறார்கள், அழுகிறார்கள். அப்புறம் நாட்டை ஆளுகிற அம்மையார் வந்து, ஏன் போகிறோம் என்று சொன்னார். என் மகள் மலருக்கு எட்டு வயசு. கன்னத்தில் கொடி வரைந்துகொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். "அம்மா, நம்ம கப்பல்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் பேசின ஒரே தமிழ் வாக்கியம் அதுதான்.

2

எனக்கு அந்தக் கொடியும் பேண்டும் புதுசில்லை. எழுபத்தொன்று கார்த்திகையில் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். கிழக்கே வங்காளத்துப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது. மதுரையிலிருந்து ஒரு தலைவர் வந்து பேசினார். நல்ல குரல் அவருக்கு. அகதிகள் படுகிற பாட்டைச் சொன்னபோது கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி மேடையேறித் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். நானும் அழுதேன். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து, மேலே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் வேலை பார்த்து, வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த நேரம் அது.

பரமன் என்னுடைய ஒரே அண்ணன். ஜீப்பு டிரைவர். விடிகாலையில் ராசிங்காபுரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலக்காய்ப் பழம் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு பதினேழு வளைவு ஏறி மலைமேல் போடிமெட்டுக்குப் போவார். சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். தலைவர் பேசி முடித்து மாலையைக் கழற்றும் நேரம் அண்ணன் எழுந்தார்.

"அய்யா, ஒரு விண்ணப்பமுங்க. பதினோராவது வளைவுல தடுப்புச் சுவரு போன மழைக்கே இடிஞ்சு போச்சு. நாங்களும் மூணு தரம் எழுதிக் குடுத்துட்டோம். பனி இறங்குச்சுன்னா ஓரம் தெரிய மாட்டேங்குது. அதைக் கொஞ்சம் கட்டித் தரச் சொல்லணும்."

தலைவர் கோபப்படவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்து மெதுவாகத்தான் சொன்னார். "எல்லையில் நம் பிள்ளைகள் நெஞ்சையே சுவராக்கி நிற்கிறார்கள். இந்த நேரத்தில் இந்தத் தம்பிக்குக் கல்லுச் சுவர் வேண்டுமாம்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். என் பக்கத்திலிருந்த ஒரு கிழவர், "யாருடா அவன், துரோகிப்பய" என்றார். நான் அவன் தங்கச்சி என்று சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, நானும் தட்டினேன். அந்தச் சண்டை சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அகதிகள் பட்ட கஷ்டம் நிஜம். அதற்கும் பதினோராவது வளைவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மறுநாள் ஓர் உத்தரவு வந்தது. எதிரி விமானத்தின் கண்ணில் படாதபடி எல்லா வண்டிகளும் முன்விளக்கில் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்டு அடிக்க வேண்டும். ஒரே நாளில் ஆள் வந்து, டப்பா வந்து, வரிசையாக நிறுத்தி அடித்துவிட்டார்கள். சுவர் கேட்டு ஒரு வருஷம். பெயிண்டு கேட்காமலே வந்தது.

"போடிமெட்டுக்கு மேல விமானம் வந்து நம்ம மூட்டையை எண்ணப் போகுதாக்கும்" என்று அண்ணன் வீட்டுக்கு வந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கூட்டத்தில் மானம் போன கோபம் எனக்கு.

சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. வெற்றி என்று இனிப்புக் கொடுத்தார்கள். விளக்கைச் சுரண்டச் சொல்லி மட்டும் உத்தரவு வரவில்லை. உத்தரவில்லாமல் சுரண்டினால் பிடிப்பார்கள் என்று எல்லா டிரைவர்களும் அப்படியே ஓட்டினார்கள். ஊர் முழுக்கத் தை மாதத்தில் அரைக்கண் ஜீப்புகள் போய் வந்தன.

3

கப்பல் போன வாரமே இங்கே பள்ளிக்கூட ஹாலில் ஒரு கூட்டம். கால்வாய் மேலிருந்த இரும்பு நடைபாலத்தைப் பூட்டி இரண்டு வருஷமாகிறது. 'ஆபத்து, நுழையாதே' என்று பலகை தொங்குகிறது. பலகையை மட்டும் இரண்டு தரம் புதுசாக மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி அக்கரையில். நாங்கள் சுற்றிக்கொண்டு போகிறோம். போன மாதம் கரையில் மாரடைப்பு வந்து விழுந்த ஒருவரை, எதிரே ஆஸ்பத்திரி தெரிந்தும், சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

எதிர்வீட்டு ஐரீன் என்னை இழுத்துக்கொண்டு போனாள். தொகுதியின் பிரமுகர் ஒருவர் வந்தார். பாலத்தைப் பற்றி ஐரீன் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம் பையன்கள் கடலில் இருக்கிறார்கள். இந்த வாரம் பாலத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது" என்றார். வேறு நாடு, வேறு பாஷை, வேறு நிறம். ஆனால் அதே மெதுவான குரல்.

இங்கேயும் கைதட்டினார்கள். ஐரீன் உட்காரவில்லை. "என் மகன் அந்தக் கப்பலில்தான் இருக்கிறான். அவன் திரும்பி வந்தால் எந்தப் பாலத்தில் நடப்பான்?" என்று கேட்டாள். பிரமுகர் வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

நான் அவள் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்தில் நான் மாறியது அவ்வளவுதான், இந்தத் தடவை கைதட்டவில்லை.

4

வீட்டுக்கு வந்தால் அண்ணனின் நீலக் கடுதாசி கிடந்தது. அண்ணன் இப்போது ஏலக்காய் கமிஷன் கடையில் மூட்டை தைக்கிறார். ஜீப்பைத் தொட்டுப் பத்து வருஷம். வழக்கமாக மழை, விலை, சொந்தக்காரர் கல்யாணம் என்று எழுதுவார். இந்தத் தடவை வேறு மாதிரி இருந்தது. அவர் எழுத்தை அப்படியே தருகிறேன்.

"ஆத்தா பேச்சி, இங்கு எல்லோரும் சௌக்கியம். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். செத்துப்போன வெள்ளையம்மா மகன் பாண்டி இப்போது ஜீப்பு ஓட்டுகிறான். நல்ல கை. ஆனால் பதினோராவது வளைவில் வெளி ஓரத்தில் ஏத்தி முந்துகிறான். நான் கண்ணால் பார்த்தேன். சுவர் இன்னும் கட்டவில்லை. நாலு தார் டின்னை வைத்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். அந்த மண் பொய் மண் என்று அவனிடம் சொல்லப் போனேன். என் ஆத்தாளை வண்டியில அடிச்சுக் கொன்னவன் நீ, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா என்று காறித் துப்பிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது. நீ பார்த்ததை எழுதித் தந்தால் அவன் நம்புவான். உனக்கு அங்கே ஏதும் இடைஞ்சல் வரும் என்றால் வேண்டாம் ஆத்தா."

கடைசி வரியை நான் நாலைந்து தரம் படித்தேன். மலர் வந்து, "மாமா என்ன எழுதியிருக்கார்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். மழை பெய்யுதாம் என்றேன்.

5

எழுபத்திரண்டு தை, பொங்கல் கழிந்த வாரம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அண்ணன் ஜீப்பில் இறங்கினேன். முன் இருக்கையில் நான் மட்டும். பின்னால் படுதாவுக்குள் பழம் எடுக்கிற பெண்கள், அவர்கள் பேச்சும் வெற்றிலை வாசமும். மணி மூன்றுகூட ஆகவில்லை. போடிமெட்டைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது.

அந்தப் பனியைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது. ரோடு இருக்காது, மலை இருக்காது, நாம் எங்கேயும் போகிற மாதிரியே இருக்காது. கையை வெளியே நீட்டினால் நனைந்து வரும். ஒரு மாதிரி தூக்கம் வரும். அங்கேயே இருந்துவிடலாம் போல இருக்கும்.

எங்கள் டிரைவர்களுக்கு அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஒரு ஆள் இறங்கி, வெள்ளைத் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு, பள்ளத்துப் பக்கச் சுவரை ஒரு கையால் தடவியபடியே முன்னால் நடக்க வேண்டும். டிரைவர் அந்தத் துண்டைப் பார்த்து நகர்த்திக்கொண்டே வருவார். அன்றைக்குக் கிளீனருக்குக் காய்ச்சல். ராசிங்காபுரத்து வெள்ளையம்மா பின்னாலிருந்து குதித்தாள். "இருங்கண்ணே, நான் நடக்குறேன். இந்த ரோடு எனக்குத் தெரியாததா" என்று துண்டை வாங்கி முதுகில் போட்டுக்கொண்டாள்.

விளக்கைப் போட்டார் அண்ணன். பாதி விளக்கு ரோட்டில் ஒரு முழத்துக்கு மஞ்சளாக விழுந்தது. துண்டு ஒரு சமயம் தெரியும், ஒரு சமயம் மறையும். "வெள்ளையம்மா, குரல் குடுத்துக்கிட்டே போ தாயி" என்றார் அண்ணன். அவள் "வா, வா" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். பன்னிரண்டாவது வளைவு தாண்டியது.

பதினோராவது வளைவில் சுவர் முடிந்த இடத்தில் அவள் கை காற்றைத் தடவியது. அதை நான் பார்த்தேன். "அண்ணே, சுவரு இல்ல, உள்ளாற ஒடிச்சு நில்லுங்க" என்றாள். அண்ணன் மலைப் பக்கமாக ஒடித்து நிறுத்திவிட்டார். வண்டி நின்றுவிட்டது. அவள் ஆறடி முன்னால், எங்களைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். அவள் நின்ற மண் சரிந்தது. அலறல் இல்லை, ஒன்றுமில்லை. வெள்ளைத் துண்டு இருந்தது, அப்புறம் பனி மட்டும் இருந்தது.

அண்ணன் குதித்து ஓடி, மண்ணைப் பிடித்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கினார். கீழிருந்து, "பேச்சி, வெரசா கயிறு கொண்டா" என்று கத்தினார். கொண்டுபோய்ப் போட்டேன். அவளைத் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. நான் நர்ஸ், எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணன்தான் ரொம்ப நேரம், "மூச்சு இருக்குல்ல, மூச்சு இருக்குல்ல" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

6

படுதாவுக்குள் இருந்த பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்த சாட்சி நான் ஒருத்தி. மூன்றாம் நாள் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. பெயர் வேண்டாம். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"ஏம்மா, சுவர் இல்லைன்னும் லைட்டுல பெயிண்டு இருந்துச்சுன்னும் எழுதச் சொல்றியா? இது யுத்த காலம். அரசாங்கத்தைக் குறை சொன்ன மாதிரி ஆயிரும்."

"யுத்தம் முடிஞ்சிருச்சுங்களே."

"முடிஞ்சுதான் போச்சு. உன் பாஸ்போர்ட்டு விசாரணைக் காகிதமும் எங்கிட்டதான் கிடக்கு." அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. சாமான்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்கிற மாதிரி சொன்னார். "பனியில ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டுப் போயேன். அது பொய் இல்லையே."

பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேலே அவர்கள், டிரைவர் அஜாக்கிரதையாக ஓட்டி, ரோட்டில் நடந்த பெண்ணை மோதிப் பள்ளத்தில் தள்ளினார் என்று எழுதிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல ஆளில்லை. சுவர் இல்லாதது காகிதத்தில் வரவே இல்லை. வராத சுவரை யார் கட்டுவார்கள்?

வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பஸ்சுக்கு நேரமாச்சு ஆத்தா, வெரசா போ" என்றார்.

நான் விமானம் ஏறினபோது அவர் ஜெயிலில் இருந்தார். ஒரு வருஷம் இருந்தார். லைசென்சு போய்விட்டது. ஊரில் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ராசிங்காபுரத்து ஆட்கள் மறுத்தார்கள். பத்து வருஷத்தில் அவர் எனக்கு எழுதின எந்தக் கடுதாசியிலும் அந்த நாளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, இப்போது பாண்டிக்காக எழுதும்வரை. எனக்கு என் மேல் வருகிற வெறுப்பை எழுத எனக்குத் தமிழும் போதவில்லை, இங்கிலீஷும் போதவில்லை.

7

நேற்று லீவு போட்டு ரயிலேறிப் பெரிய ஊரிலிருக்கிற நம் நாட்டு அலுவலகத்துக்குப் போனேன். சத்தியக் கடுதாசிக்கு ஒரு படிவம், அந்தப் படிவத்தை வாங்க ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்கு ஒரு வரிசை. வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் உயிரோடிருப்பதற்குச் சான்று வாங்க வந்திருந்தார். போன வருஷமும் வந்தாராம்.

ஜன்னலில் இருந்த பையன் தமிழன்தான், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. நான் எழுதினதைப் படித்துவிட்டு, "பத்து வருஷம் முன்னாடி நடந்தது. அப்பவே ஏம்மா சொல்லலை? கேப்பாங்களே" என்றான். அடையாளத்துக்கு என்ன இருக்கிறது என்றும் கேட்டான். பாஸ்போர்ட்டை எடுத்து ஜன்னலுக்குள் தள்ளினேன்.

"ரெண்டுக்கும் இதுதான் தம்பி" என்றேன்.

அவன் அதைப் பிரித்துப் பார்த்தான். பாஸ்போர்ட்டு கொடுத்த தேதியைப் பார்த்தான், என் கடுதாசியிலிருந்த விபத்துத் தேதியைப் பார்த்தான். முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மலரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், தமிழிலேயே. பாதி அவளுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியில், "அப்ப நீ பொய் சொன்னியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் டிவியைப் போடப் போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

8

முத்திரை போட்ட கடுதாசி அண்ணனுக்குப் போய்விட்டது. அண்ணன் கையிலிருந்து பாண்டி அதை வாங்குவானோ மாட்டானோ; ஆபீஸில் கொடுத்தால் அது ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றி எப்போது எங்கே போய்ச் சேருமோ தெரியாது. சுவர் கேட்ட விண்ணப்பம் போன பாதை எனக்குத் தெரியும். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை போடி பஸ் ஸ்டாண்டில் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு எதிர்க் கடையில் தொங்கும். யாராவது ஒருவர் வாங்கிப் பாண்டி கையில் கொடுங்கள். இனி எழுதுவது அவனுக்கு மட்டும்.

தம்பி பாண்டி, நான் பரமன் தங்கச்சி பேச்சி. அன்றைக்கு முன் இருக்கையில் இருந்தவள். பனியில் ஒன்றும் தெரியவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தது பொய். எல்லாம் தெரிந்தது. வண்டி மலைப் பக்கத்தில் நின்றுவிட்டது. உன் அம்மா மேல் வண்டி படவே இல்லை. உன் அம்மா நின்ற மண்தான் சரிந்தது. நிற்கச் சொல்லி எச்சரித்ததே உன் அம்மாதான். அவள் சொல்லியிராவிட்டால் அந்த வண்டியில் இருந்த நாங்கள் யாரும் இல்லை.

என்னைத் திட்டு. நேரில் வந்தால் காறித் துப்பு, வாங்கிக்கொள்கிறேன். அண்ணனை விட்டுவிடு.

நாளைக்கும் நீ வண்டி எடுப்பாய். பதினோராவது வளைவில் வெளி ஓரத்தில் ஏத்தாதே. உள்ளே ஒடித்து நிறுத்து. உன் அம்மா கடைசியாகச் சொன்னது அதுதான்.